ஏரியின் பாஸ்பரஸ் எங்கே இருக்கிறது?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பாய்லர் ஓடுகிற ஆலை எதுவானாலும், காலை ஷிப்ட் தொடங்கியதும் யாரோ ஒருவர் பாஸ்பேட் பார்த்துக்கொண்டிருப்பார். தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து குழாய்க்குள் ஸ்கேலாகக் கட்டிவிடாமல் இருக்க டிரைசோடியம் பாஸ்பேட் போடுவார்கள். குறைந்த அழுத்த பாய்லருக்கு லிட்டருக்கு 20 முதல் 40 மில்லிகிராம் பாஸ்பேட் நிற்க வேண்டும். குறைந்தால் ஸ்கேல் பிடிக்கும், எகிறினால் வேறு தொல்லைகள். மாதிரியில் வனடேட்–மாலிப்டேட் கரைசலை ஊற்றினால் மஞ்சள் ஏறும். மஞ்சளின் அடர்த்தியை ஸ்பெக்ட்ரோவில் வைத்துப் படித்தால் எண் கிடைத்துவிடும். வேதியியல் பட்டத்தோடு வெளியே வந்த நான் முதலில் கற்றுக்கொண்ட சம்பள வேலை இதுதான். திருவள்ளூர் பக்கத்துப் பெண்கள் பலருக்கு இப்போதும் இதுவே முதல் வேலை.

பிறகு நீர் ஆய்வுக்கூடத்துக்கு மாறினேன். அங்கே வந்தவை ஏரித் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், மீன் குட்டைத் தண்ணீர். ஏரித் தண்ணீரில் அந்த மஞ்சள் முறை செல்லாது. பாய்லரில் மில்லிகிராமில் பேசுகிற பொருளை ஏரியில் மைக்ரோகிராமில், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கில், தேட வேண்டும். அதற்கு நீல முறை. அமோனியம் மாலிப்டேட்டுடன் துளி ஆன்டிமனியும் அஸ்கார்பிக் அமிலமும் சேரும். அஸ்கார்பிக் அமிலம் என்பது நாம் மாத்திரையாகச் சாப்பிடுகிற வைட்டமின் சி. 1962-இல் மர்ஃபியும் ரைலியும் வகுத்த வழி. பாஸ்பேட் இருந்தால் நீலம் எழும், 880 நானோமீட்டரில் படிக்க வேண்டும்.

பூண்டி நீர்த்தேக்கத்திலிருந்தும் சுற்றுவட்டார ஏரிகளிலிருந்தும் வந்த மாதிரிகளை வடிகட்டி இந்த நீலத்தைப் பார்த்தால், பெரும்பாலும் நீலமே வராது. அறிக்கையில் பி.டி.எல். என்று எழுதுவோம். கண்டறியும் அளவுக்குக் கீழே என்று பொருள். அதை வாங்கிப் போகிறவர் மீன் பாசிக் குத்தகை எடுத்தவராகவோ குட்டை வைத்திருப்பவராகவோ இருந்தால், “சத்தே இல்லாத தண்ணி போல இருக்கு” என்று எடுத்துக்கொள்வார். அந்த முடிவு தவறு. இந்தக் கட்டுரையை நான் எழுதுவதே அதைச் சொல்லத்தான்.

கரைந்த பாஸ்பேட் ஏரியில் சும்மா நிற்பதில்லை. கனடாவில் ரிக்லர் என்ற ஆய்வாளர் கதிரியக்கப் பாஸ்பரஸை ஏரித் தண்ணீரில் விட்டுத் தொடர்ந்து பார்த்து 1956-இல் எழுதினார். சத்துக் குறைந்த கோடை நாளில், கரைந்திருக்கும் பாஸ்பேட் முழுவதும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை உயிர்களால் எடுக்கப்பட்டு, திரும்ப விடப்பட்டு, மறுபடி எடுக்கப்படுகிறது. நாம் வடிகட்டித் தூக்கிப் போடுகிற காகிதத்தில்தான் ஏரியின் பாஸ்பரஸ் இருக்கிறது: பாக்டீரியாவில், பாசியில், பாசியைத் தின்கிற சின்னஞ்சிறு பிராணிகளில். வடிநீரைச் சோதித்துவிட்டு ஏரியில் சத்தில்லை என்று சொன்னால் ஏரியைப் பார்த்ததாகவே ஆகாது.

அந்தப் பிராணிகளை விலங்கு மிதவைகள் என்று மீன்வளப் பாடநூல்கள் சொல்கின்றன. நம் பக்கத்து நன்னீரில் மூன்று கூட்டங்களைத் தெரிந்துகொண்டால் பெரும்பகுதி வேலை முடியும். ரோட்டிஃபர்கள் மிகச் சிறியவை, பிராக்கியோனஸ், கெரட்டெல்லா போல. அடுத்தது நீர்த்தெள்ளுகள்: மொய்னா, டயாஃபனோசோமா, செரியோடாஃப்னியா, எப்போதாவது டாஃப்னியா. மூன்றாவது கூட்டத்தில் சைக்ளாப்ஸும் டயாப்டமஸும். சைக்ளாப்ஸைப் பழைய தலைமுறையில் பலர் வேறு காரணத்துக்காக அறிவார்கள். நரம்புச் சிலந்திப் புழுவைக் குடிநீர் வழியாக மனிதனுக்குள் கொண்டுபோனது இதுதான். இந்தியாவில் அந்த நோயின் கடைசி நேர்வு 1996-இல் ராஜஸ்தானில். எந்த நீர்த்தெள்ளு எந்தப் பெயருக்குரியது என்று குழம்பும்போது, சென்னையில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்தில் இருந்த ரகுநாதனும் சுரேஷ்குமாரும் 2003-இல் வெளியிட்ட இந்திய நீர்த்தெள்ளுப் பட்டியல் எனக்குப் பெரிய துணை.

பூண்டி எப்படிப்பட்ட ஏரி என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே கட்டி 1944-இல் பயன்பாட்டுக்கு வந்தது. முயற்சி எடுத்த சென்னை மேயர் சத்தியமூர்த்தியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அவர் அதைப் பார்க்க இல்லை, 1943-லேயே போய்விட்டார். தெலுங்கு கங்கைத் திட்டத்தில் கிருஷ்ணா தண்ணீர் வர ஆரம்பித்தபோது கரையை இரண்டடி உயர்த்தினார்கள். இன்றைய கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. ஆக, வடகிழக்கு மழையில் ஆற்றோடு வரும் தண்ணீர் ஒரு குணம், ஊத்துக்கோட்டை ஜீரோ பாயின்ட் வழியாகக் கால்வாயில் வரும் கிருஷ்ணா தண்ணீர் இன்னொரு குணம். இரண்டும் ஒரே தேக்கத்தில். மாதத்துக்கு மாதம் மிதவைகள் மாறுவதில் வியப்பில்லை.

வலை இழுக்க விடியும் முன்பே போய்விட வேண்டும். வெயில் ஏறினால் நீர்த்தெள்ளுகள் அடித்தண்ணீருக்கு இறங்கிவிடும்; மீன் கண்ணுக்குத் தப்ப அவற்றுக்குத் தெரிந்த வழி அது. பரிசல்காரர் துடுப்பை நிறுத்தியதும் 60 மைக்ரான் கண்ணுள்ள பிளாங்டன் வலையை அடிவரை விட்டு மெதுவாக மேலே இழுப்போம். அடியில் உள்ள குப்பியில் சேர்வது, கையில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால் துள்ளும் கஞ்சி. துள்ளலை வைத்தே பாதி சொல்லிவிடலாம். நீர்த்தெள்ளு விட்டுவிட்டு எம்பும். சைக்ளாப்ஸ் சட்டென்று வெட்டி ஓடும்.

இங்கிருந்துதான் கவனம் தேவை. மாணவர்கள் பழக்கதோஷத்தில் குப்பியில் ஃபார்மலினை ஊற்றிவிடுவார்கள். உருவம் பார்த்து எண்ண வேண்டுமானால் ஃபார்மலின் சரி. உடம்பில் என்ன இருக்கிறது என்று பார்க்க அது கூடவே கூடாது. ஃபார்மலினில் கிடக்கும் உடலிலிருந்து பாஸ்பரஸ் கசிந்து வெளியே போய்விடும். மிஞ்சிய கூட்டை எடைபோட்டு என்ன பயன்? உயிரோடு ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து அன்றைக்கே பிரிக்க வேண்டும். முடியாவிட்டால் உறைய வைக்க வேண்டும்.

வடிகட்டிய ஏரித் தண்ணீரில் அரை மணி விட்டால் குடலில் உள்ள பாசி கழிந்துவிடும். இல்லாவிட்டால் பிராணியை அளக்கிறோமா அதன் சாப்பாட்டை அளக்கிறோமா என்று தெரியாது. அரை மணிக்கு மேல் பட்டினி போட்டாலும் கணக்குக் கெடும். அதன் பிறகு மைக்ரோஸ்கோப்பின் கீழ் ஒவ்வொன்றாக, இனம் பார்த்து, மெல்லிய கண்ணாடிக் குழாயால் உறிஞ்சி எடுப்பது. ஓடுகிறதைப் பிடிப்பது எளிதல்ல. அதற்கு ஒரு வழி சோடா. பெட்டிக்கடையில் கிடைக்கும் பிளெய்ன் சோடாவைச் சிறிது விட்டால் கார்பன்–டை–ஆக்சைடில் மயங்கி அசையாமல் நிற்கும், முதுகுப் பையில் உள்ள முட்டையையும் உதறாது. உலகம் முழுக்க இந்தத் துறையினர் செய்கிற காரியம்தான். பிளெய்ன் சோடா மட்டும்தான்; கோலா வகைப் பானங்களில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கிறது. சோடாவையும் தனியாக ஒரு குழாயில் வைத்து நீலம் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பயன்படுத்துவோம்.

ஒரு மொய்னாவின் உலர் எடை சில மைக்ரோகிராம். ஐம்பதைச் சேர்த்தாலும் மில்லிகிராமில் கால் பங்கு தேறாது. அதில் பாஸ்பரஸ் நூற்றில் ஒன்றரைப் பங்கு. இவ்வளவு சிறிய அளவைத் தேடும்போது கைவியர்வை கூட எதிரி. பாத்திரம் தேய்க்கும் தூளில் கழுவிய கண்ணாடியை எடுத்தால் தூளின் பாஸ்பேட் நீலமாகக் காட்டும். அதனால் எங்கள் கண்ணாடிகள் சோப்பையே பார்ப்பதில்லை. பத்து சத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, காய்ச்சி வடித்த தண்ணீரில் அலசுவதோடு சரி. பிராணிகளை 60 டிகிரி ஓவனில் காயவைத்து, ஏசியையும் மின்விசிறியையும் நிறுத்தி, மூச்சைக் கூடப் பக்கவாட்டில் விட்டு எடை போடுவோம். பாதியைத் தகர உறையில் மடித்து கார்பன், நைட்ரஜன் பார்க்கும் கருவிக்கு அனுப்புவோம். மறுபாதியை மஃபிள் ஃபர்னஸில் 500 டிகிரிக்கு மேல் சாம்பலாக்கி, அமிலத்தில் காய்ச்சி, மாலிப்டேட் ஊற்றுவோம்.

பத்து நிமிடத்தில் நீலம் எழும். ஸ்டாண்டில் பக்கம் பக்கமாக இரண்டு குழாய். இரண்டிலும் ஒரே எடை உலர்பொருள், ஒரே ஏரி, ஒரே விடியலில் ஒரே வலையில் வந்தவை. மொய்னா போட்டது கருநீலம். சைக்ளாப்ஸ் போட்டது வெளிறிய வானம். ஸ்பெக்ட்ரோவில் வைக்காமலே கண்ணுக்குத் தெரிகிற வேறுபாடு. இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த காட்சி எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். புதிதாக வரும் மாணவர் ஒவ்வொருவருக்கும் முதலில் இதைக் காட்டிவிட்டுத்தான் எண்களைச் சொல்வேன்.

எண்கள் இவை. நார்வேயில் டாம் ஆண்டர்சனும் டாக் ஹெஸ்ஸனும் 1991-இல் நன்னீர் மிதவைகளின் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் அளவுகளை வெளியிட்டார்கள். இந்தத் துறையில் எல்லோரும் தொட்டுச் செல்லும் கட்டுரை அது. அதையும் பின்னால் வந்தவற்றையும் சேர்த்துத் தோராயமாகச் சொன்னால், எந்தப் பிராணியானாலும் உலர் எடையில் கிட்டத்தட்ட பாதி கார்பன். நைட்ரஜன் நூற்றுக்கு 8 முதல் 10. இவ்விரண்டிலும் இனத்துக்கு இனம் பெரிய வேறுபாடில்லை. பாஸ்பரஸில்தான் பிரிவினை. டாஃப்னியா வகையில் நூற்றுக்கு ஒன்றரை. சைக்ளாப்ஸ், டயாப்டமஸ் வகையில் அரையைச் சுற்றி. அணுக் கணக்கில் சொன்னால் டாஃப்னியாவில் ஒரு பாஸ்பரஸுக்கு 80 கார்பன், மற்றதில் 200 அளவுக்கு. கடல் மிதவைகளுக்கு ரெட்ஃபீல்டு சொன்ன 106 கார்பன், 16 நைட்ரஜன், 1 பாஸ்பரஸ் என்ற சராசரி நன்னீரில் இனவாரியாக உடைந்துபோகிறது.

ஏன் இந்த வேறுபாடு? வளர்ச்சி வேகம் என்பது அமெரிக்கரான ஜேம்ஸ் எல்சரும் அவரோடு சேர்ந்தவர்களும் முன்வைத்த விளக்கம். நம் வெப்பத்தில் மொய்னா பிறந்து நாலைந்து நாளில் தானே குஞ்சு விடும். அந்த வேகத்தில் உடம்பு கட்ட வேண்டுமானால் புரதம் செய்கிற ரைபோசோம்கள் ஏராளமாக வேண்டும். ரைபோசோமில் பாதிக்கு மேல் ஆர்.என்.ஏ.; ஆர்.என்.ஏ.யின் எடையில் நூற்றுக்கு ஒன்பது பாஸ்பரஸ். வேகமாக வளர்கிறவன் பாஸ்பரஸைத் தூக்கிக்கொண்டுதான் திரிய வேண்டும். சைக்ளாப்ஸ் வாழ்க்கையோ பல கட்டங்களாகச் சட்டை உரித்து நிதானமாக முன்னேறுவது. அதற்கு அவ்வளவு தேவையில்லை.

இன்னொன்று இதைவிட முக்கியம். பாசி தன் உடம்பை வளைத்துக்கொள்ளும். வெயிலும் நைட்ரஜனும் நிறைய, பாஸ்பரஸ் குறைவு என்றால் பாசி கார்பனை மேலே மேலே சேர்த்துக்கொண்டு, ஒரு பாஸ்பரஸுக்கு 300, 500, ஆயிரம் கார்பன் என்று உப்பிப்போகும். நீர்த்தெள்ளால் அது முடியாது. அதன் உடம்புக் கணக்கு ஏறக்குறைய நிலையானது. 300-ஐத் தாண்டிய பாசியைத் தின்கிற டாஃப்னியா வயிறு நிறையத் தின்றும் வளராது. மிகுந்த கார்பனை மூச்சாகவும் கழிவாகவும் தள்ளிவிட்டு, கிடைத்த துளிப் பாஸ்பரஸுக்குத் தக்கபடிதான் உடம்பு கட்டும். செங்கல் லோடு லோடாக வந்து இறங்கினாலும் சிமெண்ட் இருக்கிற அளவுக்குத்தானே சுவர் எழும்பும்.

இதைப் புத்தகத்தில் படித்தபோது எனக்குப் புரிந்தது. ஆனால் உறைத்தது பெரியபாளையம் பக்கத்து ஒரு நாற்றங்கால் குட்டையில்தான்.

கெண்டைக் குஞ்சு வளர்த்து விற்கிறவர். வயலோரம் சிறு குட்டைகள் வெட்டி, நுண்குஞ்சு வாங்கி விட்டு, விரலளவு ஆனதும் ஏரிக் குத்தகைதாரர்களுக்குக் கொடுப்பார். அவர் ஆய்வுக்கூடத்துக்கே வந்து கூப்பிட்டார்.

“தண்ணி நல்லா பச்சையா நிக்குது மேடம். கையை விட்டா முழங்கை தெரியல. குஞ்சு மட்டும் தலை பெருசா, உடம்பு நூலா இருக்குது. பொழப்பே போயிடும் போல.”

“என்ன உரம் போட்டீங்க அண்ணே?”

“யூரியாதான். பச்சை வரணும்னா யூரியா போடச் சொன்னாங்க. வந்துச்சே.”

குட்டைக்குப் போனோம். ஐம்பது லிட்டர் தண்ணீரை வலையில் ஊற்றி, சேர்ந்ததை அளவுக் குழாயில் படியவிட்டுப் பார்ப்பது நாற்றங்காலில் எல்லோரும் செய்கிற சோதனை. ஒன்று முதல் இரண்டு மில்லிலிட்டர் மிதவை படிந்தால் குஞ்சு விடலாம் என்பார்கள். அவர் குட்டையில் படிந்தது பச்சைக் குழம்பு. பிராணி ஒரு கோடு கூட இல்லை. மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் கொஞ்சம் ரோட்டிஃபர், மெலிந்த சில மொய்னா. அந்த மொய்னாக்களின் முதுகுப் பையில் முட்டை இல்லை. நல்ல தீனி கிடைக்கும் பருவத்தில் ஒரு மொய்னா முட்டைகளைக் கொத்தாகச் சுமக்கும். பை காலியாக இருந்தால், கண்ணெதிரே பச்சை எவ்வளவு இருந்தாலும் அதற்குப் பட்டினி என்று பொருள். பாஸ்பரஸ் சோதனை செய்ய வசதியில்லாதவர்கள் இந்த ஓர் அடையாளத்தைப் பிடித்துக்கொண்டாலே போதும். பள்ளிக்கூட மைக்ரோஸ்கோப்பில் தெரியும்.

யூரியாவில் நைட்ரஜன் மட்டும்தான் உண்டு. அது பாசியைக் கார்பனால் உப்பவைத்துவிட்டது. சூப்பர் பாஸ்பேட் வேண்டும் என்று சொன்னேன். அப்படியே அள்ளி வீசினால் பாதி அடிச்சேற்றில் புதைந்து, சேற்று இரும்போடும் சுண்ணாம்போடும் ஒட்டிக்கொள்ளும். சாக்கில் கட்டி மேல்தண்ணீரில் தொங்கவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல்நாளே வாளியில் ஊறவைத்துத் தெளிவைத் தெளிக்க வேண்டும். கொஞ்சம் சாணமும் கரைத்துவிடச் சொன்னேன். பெரிய குட்டையிலிருந்து ஒரு குடம் மொய்னாவைக் கொண்டுவந்து வித்தாக விட்டார். ஒரு வாரம் கழித்துப் போன் செய்தார். அந்தக் குரலே சொல்லிவிட்டது. நேரில் போய்ப் பார்த்தபோது கரையோரம் மொய்னா புகைபோலத் திரண்டு நின்றது, முதுகில் முட்டையோடு.

புவனேஸ்வரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் நாற்றங்காலுக்குச் சொல்லும் கலவையைப் பலர் அறிவார்கள். ஹெக்டேருக்குக் கடலைப் பிண்ணாக்கு 750 கிலோ, மாட்டுச் சாணம் 200 கிலோ, சிங்கிள் சூப்பர் பாஸ்பேட் 50 கிலோ. எல்லாவற்றையும் கூழாகக் கரைத்து, பாதியைக் குஞ்சு விடுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பும் மீதியைப் பின்னர் தவணையாகவும் விடுவது. இதை ஒருநாள் தனிமக் கணக்காகப் போட்டுப் பார்த்தேன். பிண்ணாக்கில் நைட்ரஜன் 7.3 சதம், பாஸ்பரஸ் பென்டாக்சைடாக 1.5 சதம் என்றும், சூப்பர் பாஸ்பேட்டில் அது 16 சதம் என்றும் உர அட்டவணைகள் சொல்வதை வைத்துக்கொண்டால், மொத்தக் கலவையில் பாஸ்பரஸ் ஒரு பங்கு, நைட்ரஜன் ஆறரைப் பங்கு. டாஃப்னியா உடம்பில் பாஸ்பரஸ் ஒரு பங்குக்கு நைட்ரஜன் ஆறு பங்கு! அந்த 50 கிலோ சூப்பர் பாஸ்பேட்டை மட்டும் விட்டுவிட்டால் நைட்ரஜன் பதினோரு பங்காகிவிடும். நீர்த்தெள்ளின் உடம்பிலிருந்து விலகி சைக்ளாப்ஸ் பக்கம் சாய ஆரம்பிக்கும். கலவையை வகுத்தவர்கள் குஞ்சுகளின் பிழைப்பைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்த அளவுக்கு வந்திருப்பார்கள். பிராணியின் உடம்பும் உர மூட்டையும் இப்படி ஒத்துப்போவதைத் தாளில் கண்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சூப்பர் பாஸ்பேட் விலை ஏறுகிறது என்று அதை மட்டும் குறைக்கிறவர்களிடம் நான் சண்டையே போடுவேன்.

குஞ்சுக்கு ஏன் இந்தக் கவலை என்றால், மீன் எலும்பு கால்சியம் பாஸ்பேட். வளரும் மீனின் உலர் எடையில் பாஸ்பரஸ் நூற்றுக்கு இரண்டு மூன்று என்று இருக்கும். அதற்கு இரையாகும் மிதவையைவிட அதிகம். மொய்னா தின்கிற குஞ்சுக்கும் சைக்ளாப்ஸ் மட்டும் கிடைக்கிற குஞ்சுக்கும் வாய்க்குள் போகிற பாஸ்பரஸ் ஒன்றல்ல. மொய்னாவின் உலர் எடையில் பாதி புரதம் என்பது கூடுதல் லாபம். கொளத்தூர் வண்ணமீன் வளர்ப்பவர்கள் இதைக் கணக்கில்லாமலே கண்டுகொண்டவர்கள். ஆக்சிஜன் குறைந்த தண்ணீரில் மொய்னா ஹீமோகுளோபின் சேர்த்துச் செக்கச் சிவக்கும். அந்தச் சிவப்புக்குக் காரணம் இரும்பு. சிவந்த மொய்னாவைப் பையில் பார்த்ததும் வாங்கிவிடுவார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை: சாக்கடைக் குட்டை மொய்னா ஒரு வகை, ஆலைக் கழிவு கலக்கும் வாய்க்கால் மொய்னா வேறு வகை. உடம்பு தனிமங்களைச் சேர்க்கும்போது நல்லது மட்டும் சேர்வதில்லை. துத்தநாகமும் செம்பும் ஈயமும் கூடவே ஏறும். ஆலைப் பகுதி வாய்க்காலில் வலை போட வேண்டாம்.

பாஸ்பரஸ் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சாக்கடை கலக்கிற ஏரியில் பாஸ்பரஸுக்குப் பஞ்சமே இல்லை. அங்கே வருவது மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பசும்பாசி, பெயின்ட் கொட்டினாற்போல. வழவழப்பான பெருங்கூட்டங்களாக மிதப்பதால் மொய்னாவின் வாய்க்குள் நுழையாது. நுழைந்தாலும் கொழுப்பமிலங்கள் போதாது. சில சமயம் நஞ்சும் உண்டு. சென்னைப் பக்கத்து நீர்நிலைகளை எஸ்.வி. கணபதி அந்தக் காலத்திலேயே பார்த்து எழுதியிருக்கிறார். மைக்ரோசிஸ்டிஸ் நிரந்தரமாகப் படர்ந்த ஒரு கோயில் குளத்தைப் பற்றி 1940-இல் ஒரு கட்டுரை, விலங்கு மிதவைகள் செழித்த ஒரு தோட்டக் குளத்தைப் பற்றி 1943-இல் இன்னொன்று. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று என்னிடம் வரும் மாணவர்களைக் கட்டாயப்படுத்துவேன். ஒரே ஊர், ஒரே வெயில். ஒரு குளம் பாசியோடு நின்றுவிடுகிறது, இன்னொன்று பிராணியாகிறது.

இனம் மாறினால் ஏரியின் நடத்தையே மாறும் என்பதையும் சொல்ல வேண்டும். பாஸ்பரஸ் நிறைந்த நீர்த்தெள்ளுகள் பெருகினால் அவை பாஸ்பரஸை உடம்பில் பிடித்துவைத்துக்கொண்டு நைட்ரஜனைக் கழிக்கும். பாசிக்குப் பாஸ்பரஸ் தட்டுப்பாடாகும். சைக்ளாப்ஸும் டயாப்டமஸும் ஆதிக்கம் செலுத்தினால் தலைகீழ், பாஸ்பரஸ் தண்ணீருக்குத் திரும்பும். எல்சரும் அவரோடு சேர்ந்தவர்களும் வட அமெரிக்க ஏரிகளில் 1980-களின் இறுதியில் இதைக் காட்டினார்கள். நம் ஏரிகளில் ஜிலேபி மீன் பெருத்துப்போய், கண்ணுக்குத் தெரிகிற அளவு நீர்த்தெள்ளை முதலில் பொறுக்கித் தின்றுவிடுகிறது. எஞ்சுவது வெட்டி ஓடத் தெரிந்த சைக்ளாப்ஸ், கண்ணில் படாத ரோட்டிஃபர். பூண்டியில் வலை இழுக்கும்போது பெரும்பாலும் கையில் கிடைப்பது இந்தக் கலவைதான். ஜிலேபி கூடினால் தண்ணீர் ஏன் பச்சையாகிறது என்று குத்தகைக்காரர்கள் கேட்பார்கள். மேய்கிறவன் குறைந்தது ஒரு காரணம்; மிஞ்சினவன் பாஸ்பரஸைப் பிடித்துவைக்காதவன் என்பது இன்னொன்று.

2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் எல்லாம் ஏறத்தாழ வறண்டன. பூண்டியில் வெடித்த சேற்றின் மேல் நடந்து போனேன். மனம் வலித்தது. ஆனால் சேற்றைக் கொஞ்சம் சுரண்டி எடுத்துவந்து கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் ஊற்றி வைத்தால், நாட்கணக்கில் நீர்த்தெள்ளுகள் நீந்தின. தண்ணீர் வற்றும் காலம் வந்தால் அவை சேணம் போன்ற கறுத்த உறைக்குள் முட்டையை வைத்துச் சேற்றில் விட்டுவிடும். அந்த முட்டை வறட்சியைத் தாண்டும். சேறு காய்ந்து மறுபடி நனையும்போது அதிலுள்ள பாஸ்பரஸும் ஒரு பகுதி வெளியே வருகிறது. பிராணியும் அதன் சத்தும் ஒரே மழையில் எழுகின்றன. வறண்ட ஏரியைத் தூர்வாரும்போது அள்ளிப்போகிற மேல்மண்ணில் இந்த இரண்டும் இருக்கின்றன. தூர்வாருவது தேவை, கொள்ளளவு முக்கியம், மறுக்கவில்லை. ஓரமாக ஒரு பகுதியைத் தொடாமல் விட்டால் மிதவைகள் விரைவில் மீளும் என்று கேட்கிற இடத்திலெல்லாம் சொல்லிவருகிறேன்.

அறிக்கைகளிலும் ஒரு மாற்றம் வேண்டும். மீன் குத்தகைக்காகவோ குஞ்சு விடுவதற்காகவோ ஏரியைச் சோதித்தால், வடிகட்டிய தண்ணீரின் பாஸ்பேட்டோடு நிறுத்தாமல், வடிகட்டாத தண்ணீரின் மொத்தப் பாஸ்பரஸ், வலையில் வந்த மிதவையின் உலர் எடை, அதில் நீர்த்தெள்ளு எவ்வளவு, சைக்ளாப்ஸ் வகை எவ்வளவு என்ற வரிகளும் இருக்கட்டும். இதற்குத் தேவையான ஓவனும் ஸ்பெக்ட்ரோவும் இந்த மாவட்டத்தில் எத்தனையோ ஆய்வுக்கூடங்களில் இருக்கின்றன. பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது, பயிற்சி கொடுக்க ஆள் உண்டு.

இப்போது என் கவனமெல்லாம் தேர்வாய்க் கண்டிகை மேல். கண்ணன்கோட்டை, தேர்வாய்க் கண்டிகை ஏரிகளை இணைத்துக் கட்டி 2020 நவம்பரில் திறந்த தேக்கம், 500 மில்லியன் கன அடி. பூண்டிக்குப் பிறகு இந்த வட்டாரத்தில் புதிதாக எழுந்த குடிநீர்த் தேக்கம் இதுதான். புதிதாக மூழ்கிய நிலத்திலிருந்து புல்லும் வேரும் வயல் மண்ணும் அழுகிச் சத்து வெளியேறுவதால், புதுத் தேக்கங்கள் முதல் சில ஆண்டுகள் செழித்துப் பின் தணியும் என்பது உலகெங்கும் கண்டது. அந்தத் தணிவு இங்கே எப்போது தொடங்குகிறது என்று மொய்னாவின் முட்டைப் பையும் குழாயின் நீலமும் தண்ணீர் அறிக்கைக்கு முன்பே சொல்லும். வடகிழக்கு மழைக்கு முன்னும் பின்னும் வலை இழுத்து, இனம் இனமாகப் பிரித்து, ஆண்டுக்கணக்கில் ஒரு வரிசை சேர்க்க வேண்டும். அந்த வரிசை கையில் இல்லாமல், அங்கே கட்லா குஞ்சு எத்தனை விடலாம் என்று கேட்பவர்களுக்கு நான் எண் சொல்வதில்லை.